லூனுக்காகக் காத்திருந்த ஆறு மாதம்

நுழையும்முன்

"ஒரு நாய்க்குட்டி வாங்கித் தாருங்கள்" என்று கேட்கும் பிள்ளைக்குப் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் முதல் விடை, "அதை யார் பார்த்துக்கொள்வது?" என்பதே. கேட்பதற்கு இது மறுப்பைப் போலத் தோன்றும். உண்மையில் இதுவே நாய் வளர்ப்பில் முதலில் கேட்கப்பட வேண்டிய வினா. உலகப் புகழ்பெற்ற மருத்துவர் ஒருவரும் அவர்தம் குடும்பத்தாரும் இவ்வினாவிற்குப் பதினான்கு ஆண்டுகள் எவ்வாறு விடையளித்தனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

படிப்பும் பணியும்

சிக்மண்ட் பிராய்டு 1856ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த சிற்றூர் அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இன்று செக் குடியரசில் உள்ளது. தந்தை கம்பளி வணிகர். வணிகம் நலிவடையவே, பிராய்டுக்கு நான்கு வயதானபோது குடும்பம் ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவில் குடியேறியது. பிழைப்பை நாடிப் புதிய ஊருக்கு வந்த குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்பையே பெருஞ்செல்வமாகக் கருதுவது எந்நாட்டிற்கும் பொது. பிராய்டின் வீட்டிலும் அப்படித்தான். இட நெருக்கடி மிகுந்த அவ்வீட்டில் அவருக்கு மட்டும் தனி அறை ஒதுக்கப்பட்டது. தங்கை பயிலும் பியானோவின் ஒலி தம் படிப்பிற்கு இடையூறாக உள்ளது என்று அவர் முறையிட, பியானோ வீட்டைவிட்டே அகற்றப்பட்டது. தங்கையின் கருத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1881இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து நரம்புகளை ஆராய்வதே அவர் விருப்பம். ஆனால் ஆய்வுப் பணியில் வருவாய் இல்லை. மார்த்தா பெர்னேஸ் என்னும் பெண்ணை மணக்க உறுதி செய்திருந்த அவருக்கு வருவாய் இன்றியமையாததாயிற்று. எனவே வியன்னாப் பொது மருத்துவமனையில் சேர்ந்து பல பிரிவுகளிலும் பயிற்சி பெற்றார். திருமணத்திற்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அக்காலத்தில் அவர் மார்த்தாவுக்கு நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதினார்.

1885ஆம் ஆண்டு அக்டோபரில் நரம்பியல் மருத்துவம் கற்கப் பாரிசு சென்றார். அதே ஆண்டு சூலை மாதத்தில்தான் அந்நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் புதிய தடுப்பூசியைச் செலுத்தி அவனைக் காத்திருந்தார். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

1886இல் பிராய்டு வியன்னாவில் தம் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். அவ்வாண்டே திருமணமும் நிகழ்ந்தது. உடலில் நோய் எதுவும் புலப்படாமல் கை கால் செயலிழந்தும் பேச்சிழந்தும் அச்சத்தால் வருந்தியும் வந்த நோயாளர்களை அவர் கண்டார். அக்காலத்து மருத்துவர் பலர் அவர்களை நடிக்கிறார்கள் என்று ஒதுக்கினர். பிராய்டோ அவர்களைப் படுக்கையில் சாய்ந்திருக்கச் செய்து, மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிப் பேசச் சொன்னார். தாம் பின்னால் அமர்ந்து கேட்டார். இவ்வாறு உருவான முறையே உளப்பகுப்பாய்வு. அவருடைய கொள்கைகளில் சிலவற்றைப் பிற்கால அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆயினும், மனநோயாளர் சொல்வதைப் பொறுமையோடு கேட்பதும் மருத்துவமே என்பதை உலகிற்கு உணர்த்தியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. நம் நாட்டில் கிரீந்திரசேகர் போசு என்னும் மருத்துவர் 1922இல் கொல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தோற்றுவித்தார். பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குக் கொல்கத்தாவிலிருந்து தந்தத்தாலான திருமால் சிலை ஒன்று பரிசாகச் சென்றது. பிராய்டு அதைத் தம் எழுதுமேசை மீது வைத்துக்கொண்டார்.

பெர்க்காசே 19

1891 முதல் 47 ஆண்டுகள் பிராய்டு குடும்பம் வாழ்ந்த வீட்டின் முகவரி இது. கீழ்த்தளத்தில் இறைச்சிக் கடை. மேலே வீடும் மருத்துவ நிலையமும். மூன்று மகன்களும் மூன்று மகள்களுமாக ஆறு பிள்ளைகள். மார்த்தாவின் தங்கை மின்னாவும் உடன் வாழ்ந்தார். நண்பகல் ஒரு மணி அடித்தால் அனைவரும் உணவு மேசையில் இருக்க வேண்டும். வீட்டு நிருவாகம் முழுவதும் மார்த்தாவின் கையில் இருந்தது.

நாள் முழுவதும் நோயாளர்களின் துயரங்களைக் கேட்பவர், கோடை விடுமுறையில் வேறு மனிதராக மாறினார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைக்காடுகளில் காளான் தேடச் செல்வார். நல்ல காளானைக் கண்டால் அது தப்பி ஓடிவிடுவதைப் போல அதன்மேல் தம் தொப்பியைப் போட்டு மூடிச் சீழ்க்கை அடிப்பார், பிள்ளைகள் ஓடிவருவர்.

பின்னர்த் துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. 1920இல் மகள் சோஃபி நச்சுக் காய்ச்சலால் இறந்தார். 1923இல் சோஃபியின் நான்கு வயது மகனும் இறந்தான். அதே ஆண்டில் பிராய்டின் வாயில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஓயாமல் சுருட்டுப் புகைத்ததன் விளைவு அது. மேல் தாடையின் ஒரு பகுதியை அறுத்தெடுத்து, அவ்விடத்தில் செயற்கை அண்ணம் பொருத்தினர். அதன்பின் உண்பதும் பேசுவதும் வேதனையாயின. அடுத்த 16 ஆண்டுகளில் 30க்கும் மேற்பட்ட அறுவை மருத்துவங்கள் நடந்தன. இவ்வளவிற்கும் இடையே அவர் நோயாளர்களைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அந்நிலையில்தான், ஏறத்தாழ 70ஆம் வயதில், அவர் வாழ்வில் முதன்முதலாக நாய் நுழைந்தது.

வோல்ஃப்

நாய் வாங்கப்பட்டது பிராய்டுக்காக அன்று. கடைசி மகள் அன்னா பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர்க் குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வில் முன்னோடியாக விளங்கியவர். அவர் தனியே நடைப்பயிற்சிக்குச் செல்கையில் துணையாக இருக்கட்டும் என்று 1925இல் அல்சேஷன் இன நாய் ஒன்று வீட்டிற்கு வந்தது. வோல்ஃப் என்று பெயரிட்டனர். செருமானிய மொழியில் ஓநாய் என்பது அதன் பொருள்.

ஒருநாள் அன்னாவும் வோல்ஃபும் பிராட்டர் என்னும் பூங்காவில் உலவிக்கொண்டிருந்தனர். அங்குப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த படைவீரர்கள் திடீரென்று வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டனர். வெடியோசையால் வெருண்ட வோல்ஃப் எங்கோ ஓடி மறைந்தது. நெடுநேரம் தேடியும் கிடைக்காமல் அன்னா துயரத்தோடு வீடு திரும்பினார். சிறிது நேரத்தில் வாடகைக் கார் ஒன்று வீட்டு வாயிலில் வந்து நின்றது. உள்ளே வோல்ஃப்! கார் ஒன்றில் தானாகவே ஏறிக்கொண்ட அது, இறங்க மறுத்துக் கழுத்தை நிமிர்த்திக் காட்டியதாம். கழுத்துப் பட்டையில் தொங்கிய தகட்டில் 'பேராசிரியர் பிராய்டு, பெர்க்காசே 19' என்று பொறித்திருப்பதை ஓட்டுநர் படித்துவிட்டார். மகன் மார்ட்டின் தம் நினைவு நூலில் இதை எழுதியுள்ளார். அவர் நகைச்சுவையாகச் சற்றுக் கூட்டிச் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் தகட்டைப் பற்றி ஐயமில்லை. நாய் எவ்வளவு அறிவுடையதாயினும் தன் முகவரியைத் தானே சொல்ல இயலாது. அதைப் பொறித்துக் கழுத்தில் கட்டியது மனிதர் செய்த வேலை.

ஆண்டுதோறும் பிராய்டின் பிறந்தநாளன்று, வோல்ஃப் எழுதியதைப் போல அன்னா ஒரு வாழ்த்துப்பா எழுதி, அதன் கழுத்தில் கட்டித் தந்தையிடம் அனுப்புவார். துணையாக வந்த நாய் மெல்ல மெல்லக் குடும்பத்தில் ஓர் உறுப்பினர் ஆயிற்று.

இழப்பு

டோரதி பர்லிங்காம் என்னும் அமெரிக்கப் பெண்மணி அன்னாவின் நெருங்கிய தோழி. அவர் 1928இல் பிராய்டுக்குச் சௌ சௌ இனத்துப் பெண் நாய் ஒன்றைப் பரிசளித்தார. இவ்வினம் சீனாவைச் சேர்ந்தது. சிங்கத்தின் பிடரி போலக் கழுத்தில் அடர்ந்த மயிரும் கருநீல நாக்கும் உடையது. புதியவரிடம் எளிதில் ஒட்டாது. பிராய்டின் முதல் சௌ சௌவின் பெயர் லூன்-யூக்.

1929ஆம் ஆண்டு கோடையில் குடும்ப நண்பர் ஒருவர் லூன்-யூக்கைத் தொடர்வண்டியில் வியன்னாவுக்கு அழைத்து வந்தார். வழியில் சால்ஸ்பர்க் நிலையத்தில் அது பிடியிலிருந்து நழுவி ஓடிவிட்டது. சில நாள்களுக்குப் பின் இருப்புப் பாதையில் அதன் உடல் கிடைத்தது, வண்டியில் அடிபட்டிருந்தது. பூங்காவில் தொலைந்த வோல்ஃபுக்கு வாய்த்த நற்பேறு லூன்-யூக்குக்கு வாய்க்கவில்லை. நெரிசலும் பேரொலியும் மிகுந்த நிலையத்தில், ஒரு நொடி பிடி தளர்ந்தது, அவ்வளவுதான்.

பிராய்டு மிகவும் வருந்தினார். உடனே வேறொரு நாயை வாங்கித் துயரத்தை மறக்க அவர் முற்படவில்லை. ஏழு மாதங்கள் கழிந்தன.

யோஃபி

1930இல் வந்த யோஃபியும் சௌ சௌ இனமே. பிராய்டின் நாய்களுள் அவருக்கு மிக நெருக்கமாக இருந்தது இதுதான். நோயாளர் அறையில் அவர் காலடியில் படுத்திருக்கும். ஒருவருக்குரிய நேரம் முடிந்ததும் எழுந்து கொட்டாவி விடும் என்றும், அதனால் பிராய்டு கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றும் அவ்வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

1933இல் ஹில்டா டூலிட்டில் என்னும் அமெரிக்கக் கவிஞர் பிராய்டிடம் மருத்துவம் பெற வந்தார். அறைக்குள் நுழைந்ததும் யோஃபியை நோக்கிக் குனிந்தார். அதைத் தொட வேண்டாம், புதியவர்களைக் கடிக்கக் கூடும் என்று பிராய்டு எச்சரித்தார். யோஃபி அன்று கடிக்கவில்லை. கவிஞரின் கையில் மூக்கை வைத்து உரசியது. எனினும் இங்குக் கவனிக்க வேண்டியது பிராய்டின் எச்சரிக்கையே. நாயை வளர்ப்போர் பலர், "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று விருந்தினரிடம் சொல்வது வழக்கம். வீட்டாரிடம் குழைகின்ற நாய் புதியவரிடமும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மனித மனத்தை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர் தம் நாயைப் பற்றி அப்படியோர் உறுதியைத் தரவில்லை.

யோஃபியின் வருகைக்குப் பின் லூன் என்னும் மற்றொரு சௌ சௌவும் வீட்டிற்கு வந்தது. இரண்டிற்கும் ஒத்துப்போகவில்லை. ஓயாத சண்டை. லூனைத் தெருவில் விட்டுவிடவில்லை. முன்பின் அறியாதவர் கையில் தள்ளிவிடவும் இல்லை. டோரதி பர்லிங்காம் அதை ஏற்றுக்கொண்டார். வீட்டில் ஒவ்வாத உயிருக்கு நம்பத்தக்க மற்றொரு வீட்டைத் தேடித் தருவதும் வளர்ப்பவரின் கடமையுள் அடங்கும்.

ஓர் உண்மையையும் இங்குச் சொல்ல வேண்டும். நாய்களை நேசித்தவர் பிராய்டு. அவற்றை நாள்தோறும் நடத்திச் சென்றோரும் குளிப்பாட்டியோரும் பெரும்பாலும் அன்னாவும் பணிப்பெண் பாலாவுமே. உணவு மேசையில் பிராய்டு தம் தட்டிலிருந்து நாய்களுக்கு ஊட்டுவதை மார்த்தா விரும்பவில்லை. "யார் பார்த்துக்கொள்வது?" என்ற வினாவிற்கு, நாயை விரும்புபவர் மட்டுமல்லாது வீடு முழுவதும் விடை சொல்ல வேண்டியுள்ளது.

மனிதர் ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் அன்பில் சிறிதேனும் வெறுப்பும் கலந்திருக்கும் என்பது பிராய்டின் கொள்கை. நாயின் அன்பில் அக்கலப்பு இல்லை என்று அவர் கருதினார். பேசுவதே துன்பமாகிவிட்ட முதியவருக்கு, பேச்சை எதிர்பார்க்காத துணை எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1937 சனவரியில் யோஃபியின் சூலகத்தில் கட்டிகள் இருப்பது தெரிந்து அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. தேறிவிட்டது என்று எண்ணிய வேளையில் இதயம் செயலிழந்து இறந்தது. ஏழாண்டுப் பழக்கத்தை எளிதில் மறக்க முடியவில்லை என்று நண்பருக்கு எழுதினார் பிராய்டு. அப்போது அவருக்கு வயது 80. டோரதியிடம் வளர்ந்துவந்த லூன் மீண்டும் பெர்க்காசே வீட்டிற்குத் திரும்பியது.

நாடு நீங்கல்

1938 மார்ச்சு 12ஆம் நாள் இட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. பிராய்டு யூதர். அவருடைய நூல்கள் செருமனியில் ஏற்கெனவே தீயிட்டு எரிக்கப்பட்டிருந்தன. இப்போது வீடு சோதனையிடப்பட்டது. மார்ச்சு 22ஆம் நாள் அன்னாவை நாசிக் காவல்துறையினர் விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். அன்று மாலை அவர் திரும்பி வரும்வரை தந்தை அறையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தார். அதுவரை வியன்னாவை விட்டு நீங்க மறுத்துவந்தவர் அதன்பின் இசைந்தார்.

வெளியேறுவதற்கான ஆணைகள் கிடைக்க இரண்டு மாதங்களுக்கும் மேலாயின. அந்நாள்களில் தந்தையும் மகளும் செய்த ஒரு வேலை வியப்பிற்குரியது. கிரேக்க அரச குடும்பத்தில் மணம் புரிந்தவரும் பிராய்டின் மாணவியுமான மேரி போனபார்ட், தம் நாயைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். டாப்சி என்னும் அச்சௌ சௌவுக்கு வாயில் புற்றுக்கட்டி தோன்றியது. கதிர்வீச்சு மருத்துவத்தால் அது பிழைத்துக்கொண்டது. அந்நூலைப் பிராய்டும் அன்னாவும் செருமானிய மொழியில் பெயர்த்தனர். வாயில் புற்றுநோயோடு வாழ்ந்த மருத்துவர், அதே நோயிலிருந்து மீண்ட ஒரு நாயின் கதையை மொழிபெயர்த்தார்.

சூன் 4ஆம் நாள் பிராய்டும் மார்த்தாவும் அன்னாவும் பணிப்பெண் பாலாவும் ஒரு பெண் மருத்துவரும் வியன்னாவை விட்டு வண்டி ஏறினர். உடன் லூனும் ஏறியது. உயிருக்கு அஞ்சி ஓடும் வேளையில் நாயை எவரிடமாவது விட்டுச் சென்றிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். பாரிசு வழியாகச் சூன் 6ஆம் நாள் இலண்டனை அடைந்தனர்.

ஆனால் லூன் அவர்களோடு வீட்டிற்குச் செல்லவில்லை.

சட்டமும் அன்பும்

வெளிநாட்டிலிருந்து வரும் எந்த நாயும் ஆறு மாதங்கள் தனிமைப்படுத்தப்பட வேண்டும் என்பது அன்றைய பிரித்தானியச் சட்டம். வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸ் நாட்டிற்குள் நுழையாமல் தடுப்பதே அதன் நோக்கம். இந்நோய்க் கிருமி உடலுக்குள் புகுந்த பின்பு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ எவ்வித அறிகுறியும் காட்டாமல் மறைந்திருக்கும். இன்று துள்ளி விளையாடும் நாய்க்கு அடுத்த மாதம் நோய் வெளிப்படலாம். நாய்களுக்கு இன்று போடப்படும் தடுப்பூசி அன்று பரவலான பயன்பாட்டில் இல்லை. ஆகவே காத்திருந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இச்சட்டம் வீண் கெடுபிடி அன்று. 1902இல் பிரித்தானியா ரேபிஸ் நோயை முற்றிலும் ஒழித்திருந்தது. 1918இல், முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் சிலர் தங்கள் நாய்களைச் சட்டத்திற்குத் தெரியாமல் உடன் கொண்டுவந்தனர். போர்க்களத்தில் துணையிருந்த நாயைப் பிரிய அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய அன்பைக் குறை சொல்ல இயலாது. ஆனால் அதன் வழியே நோய் மீண்டும் நாட்டிற்குள் புகுந்தது. அதை மறுபடியும் ஒழிக்க 1922 வரை பாடுபட வேண்டியதாயிற்று.

பிராய்டு அப்போது பிரித்தானியாவில் பெரிதும் மதிக்கப்பட்ட விருந்தினர். செய்தித்தாள்கள் அவர் வருகையைக் கொண்டாடின. வெறும் 'இலண்டன்' என்று மட்டும் எழுதிய கடிதங்களும் அவரிடம் வந்து சேர்ந்தன. அவருக்கு 82 வயது, தீரா நோய், ஊரும் வீடும் இழந்த நிலை. ஆயினும் லூன், பிற நாய்களைப் போலவே, மேற்கு இலண்டனின் லாட்புரோக் குரோவ் பகுதியில் இருந்த நாய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டது. புகழுக்காகவோ முதுமைக்காகவோ சட்டம் வளையவில்லை.

உடல்நிலை இடங்கொடுத்தபோது பிராய்டு காப்பகத்திற்குச் சென்று லூனைப் பார்த்தார். முதியவர் ஒருவர் நகரின் வேறொரு பகுதிக்குப் பயணம் செய்து, அடைப்பிற்குள் இருக்கும் நாயோடு சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பும் காட்சி அங்கிருந்தோருக்குப் புதுமையாக இருந்திருக்கும். வளர்த்தவர் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நாய் எண்ணிவிடலாகாது என்பதற்காகவே இத்தகைய சந்திப்புகள் தேவைப்படுகின்றன. சட்டம் எதற்காக என்று நாய்க்கு விளக்கிச் சொல்ல முடியாதல்லவா?

செப்டம்பர் மாதத்தில் பிராய்டின் வாயில் மீண்டும் கடுமையான அறுவை மருத்துவம் நடந்தது. அதற்காக வியன்னாவிலிருந்து அவருடைய பழைய அறுவை மருத்துவர் வானூர்தியில் வரவழைக்கப்பட்டார். அம்மாத இறுதியில் குடும்பம் மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸ் என்னும் தெருவில் 20ஆம் எண் வீட்டிற்குக் குடிபெயர்ந்தது. வியன்னாவிலிருந்து வந்து சேர்ந்த மேசையும் நூல்களும் சிலைகளும், பெர்க்காசே வீட்டில் இருந்த அதே ஒழுங்கில் வைக்கப்பட்டன. நோயாளர் படுக்கையும் வந்துவிட்டது. லூன் மட்டும் இன்னும் வரவில்லை.

திசம்பர் 6ஆம் நாள் ஆறு மாதம் நிறைவுற்றது. லூன் வீடு வந்தது.

அதன்பின் பத்து மாதங்களுக்குள், 1939 செப்டம்பர் 23ஆம் நாள் பிராய்டு காலமானார். இறுதி வாரங்களில் அவருடைய வாய்ப்புண்ணிலிருந்து எழுந்த கெடுநாற்றத்தைத் தாங்க இயலாமல் லூன் அருகில் வராது அறையின் மூலையிலேயே படுத்திருந்தது. அதை அழைத்தனர், வரவில்லை. மோப்பத்தால் உலகை அறியும் உயிருக்கு வேறு வழியில்லை. படுக்கையிலிருந்தபடியே பிராய்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணத்தை அவர் நன்கு அறிந்திருந்தார்.

தெரிந்து தெளிவோம்

ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டால் இந்நோயைத் தடுத்துவிடலாம். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் போன்றவற்றைத் தடவக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் குறிக்கும் எல்லாத் தவணை ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று இடையில் நிறுத்தலாகாது. திட்டுவார்களோ என்று அஞ்சிக் கடிபட்டதை வீட்டில் மறைக்கும் சிறுவர் உண்டு. மறைத்தல் உயிருக்கே கேடாகும். வளர்ப்பு நாய்க்கு மூன்று மாத வயதளவில் முதல் தடுப்பூசி போட வேண்டும். பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டும்.

சொற்பொருள்

நலிவு – தளர்ச்சி. இடையூறு – தடை. அண்ணம் – வாயின் மேற்பகுதி. வெருண்ட – அஞ்சிய. சீழ்க்கை – வாயால் எழுப்பும் ஊதல் ஒலி. பிடரி – கழுத்தின் பின்புறம். சூலகம் – பெண் உடலில் கருமுட்டை உருவாகும் உறுப்பு. கெடுபிடி – கடுமையான கட்டுப்பாடு. நற்பேறு – நல்வாய்ப்பு.

மொழிப்பயிற்சி

1. நாயைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ஞமலி, ஞாளி என்பனவும் உண்டு. நாயின் குட்டியைக் குருளை என்று தொல்காப்பியம் கூறுகிறது. நீங்கள் வாழும் மாநில மொழியில் நாயையும் நாய்க்குட்டியையும் குறிக்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுக.

2. ஒலி மரபு அறிந்து நிரப்புக: நாய் ........ ; நரி ........ ; யானை ........ ; குதிரை ........ .

3. 'பிடி தளர்ந்தது' – இத்தொடரில் 'பிடி' பெயர்ச்சொல். அதே சொல்லை ஏவல் வினையாக அமைத்து ஒரு தொடர் எழுதுக.

வினாக்கள்

1. பிராய்டு ஆய்வுக்கூடத்தை விட்டு மருத்துவமனையில் சேர்ந்தது ஏன்?

2. வோல்ஃப் வீடு திரும்பியதற்கும் லூன்-யூக் திரும்பாமைக்கும் காரணங்களாக நீங்கள் கருதுவன யாவை?

3. 1918இல் திரும்பிய படைவீரர்களும் பிராய்டும் தத்தம் நாயை நேசித்தவர்களே. இரு சாராரின் செயல்களையும் ஒப்பிட்டு எழுதுக.

4. "பிராய்டு போன்ற முதியவருக்காவது சட்டத்தில் விலக்கு அளித்திருக்கலாம்." இக்கூற்றை ஏற்றோ மறுத்தோ பத்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

உங்கள் குடியிருப்பில் நாய் வளர்க்கும் ஒருவரைப் பெற்றோருடன் சென்று சந்தியுங்கள். நாயின் தடுப்பூசி அட்டை, நகராட்சி உரிமம், கழுத்துப் பட்டைத் தகடு ஆகியவை உள்ளனவா, வீட்டார் வெளியூர் செல்லும்போது நாயை யார் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்டறிந்து, உரையாடல் வடிவில் எழுதி வகுப்பில் படியுங்கள். நாயைத் தொடுவதற்கு முன் உரிமையாளரிடம் இசைவு கேளுங்கள்.